முதலெழுத்தைத் தட்டி உலகப் பாட்டு கேட்ட மூன்று வருஷம்

போன வாரம் பழைய போனுக்கு பேட்டரி மாற்றினேன். "இந்தப் போனுக்கா சார் செலவு பண்றீங்க?" என்று கேட்டார் பழுது பார்த்தவர். பாட்டு கேட்கும் ஒரே ஒரு ஆப்புக்காக என்று சொல்ல வெட்கமாக இருந்தது, சிரித்து மழுப்பிவிட்டேன். அதே வாரம் நண்பன் ஒருவன், "அந்த எழுத்து ஆப்புக்குச் சந்தா கட்டலாமாடா?" என்று கேட்டிருந்தான். அவனுக்கான பதிலும் பேட்டரிக்கான காரணமும் ஒன்றுதான் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஆப் எப்படி இருக்கும் என்று பெரும்பாலும் எல்லோருக்கும் தெரியும். திரையின் வலது ஓரத்தில் ஏ முதல் இசட் வரை நின்றவாக்கில் ஒரு பட்டை. ஒன்றைத் தட்டினால் அந்த எழுத்தில் தலைப்பு தொடங்கும் பாட்டெல்லாம் வரும். நாடு, மொழி, காலம் எதுவும் பார்க்காது. ஒலித்தரம், விளம்பரத் தொல்லை பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதியாயிற்று. எனக்குப் பிடித்தது அதன் அலட்சியம். மற்ற ஆப்புகள் நான் நேற்று கேட்டதையே இன்றைக்கும் அரைத்துத் தருகின்றன. இதற்கு நான் யார் என்றே தெரியாது.

மாதத்துக்கு ஓர் எழுத்து என்று வைத்துக்கொண்டேன். 'எம்' மாதத்தில் கிடைத்தது 'எம்பூபே'. தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா 1939-ல் பதிவு செய்த ஜுலு மொழிப் பாட்டு. சிங்கம் என்று பொருள். கேட்கும்போதே, எங்கேயோ கேட்ட மெட்டாயிற்றே என்று உறுத்தியது. ஏழு மாதம் கழித்து 'டி' வந்தபோது பிடிபட்டது: 1961-ல் டோக்கன்ஸ் குழு இங்கிலீஷ் வரிகளோடு பாடி உலகமெல்லாம் ஓடிய 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்'. இன்னும் மூன்று மாதம் போய் 'டபிள்யூ'வில் 'விமோவே'. மூலப் பாட்டில் 'உயிம்பூபே' என்று வருவது அமெரிக்கப் பாடகர் பீட் சீகரின் காதில் 'விமோவே' என்று விழுந்திருக்கிறது. நடுவில் விட்டுப்போன கண்ணி அதுதான். ஒரே சிங்கத்தை மூன்று கூண்டில் பத்து மாதம் தேடிப் பிடித்த சந்தோஷம், யாராவது ஒரே பட்டியலாகக் கையில் கொடுத்திருந்தால் கிடைத்திருக்காது.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். அந்தச் சிங்கம் ஏன் 'டி'யில் இருக்க வேண்டும்? 'தி' என்று தொடங்கும் இங்கிலீஷ் தலைப்பெல்லாம் அங்கேதான் குவிந்து கிடக்கிறது. கட்டைவிரல் தேயத் தேய உருட்டினாலும் 'தி', 'தி', 'தி'. நூலகப் பட்டியல் தயாரிப்பவர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். 'தி'யை விட்டுவிட்டு அடுத்த சொல்லில் வரிசைப்படுத்துவார்கள். 'எல்'லிலும் இதே கூத்து, அங்கே பிரெஞ்சு 'லா'வும் ஸ்பானிஷ் 'லாஸ்'ஸும். நியாயமாகச் சொன்னால் வெட்டுவதும் அவ்வளவு சுலபமில்லை. 'லா'வை வெட்டினால் 'லா லா லா' என்று பெயர் வைத்த பாட்டு என்ன ஆகும்? ஜெர்மனில் 'தி'க்கு நிகராக வரும் ஒரு சொல்லை இங்கிலீஷ்காரர் படித்தால் 'செத்துப் போ' என்று ஆகிவிடும். மொழி தெரியாமல் கத்தரி வைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று முறை புகார் எழுதியும் மூன்று முறையும் நன்றி மட்டும் சொல்லிவிட்டு, யாருமே புகார் சொல்லாத ஒன்றைப் போய்ச் 'சரி' செய்தார்கள் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

'இசட்'டுக்குக் கீழே ஹேஷ் குறி போட்டு ஒரு தொட்டி இருந்தது. எங்கே வைப்பது என்று ஆப்புக்குத் தெரியாததெல்லாம் அதில் விழும். எண்கள் முதலில், நேனாவின் 1983 ஜெர்மன் பாட்டு '99 லுஃப்ட்பலூன்ஸ்' உட்கார்ந்திருந்தது அங்கேதான். அடுத்து கொம்பும் வாலும் வைத்த லத்தீன் எழுத்துகள். துருக்கியின் தர்கான் பாடிய 'ஷிமரிக்' அதில் வரும், 'எஸ்'ஸுக்கு அடியில் ஒரு வால் தொங்குகிறதே. அதற்குப் பிறகு சுத்தமாக யூனிகோட் எண் வரிசை, அதாவது உலக எழுத்துகளுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் கொடுத்திருக்கும் எண்களின் வரிசை: கிரேக்கம், சிரிலிக், ஆர்மீனியன், ஹீப்ரு, அரபு, தேவநாகரி என்று இறங்கி, ஒடியா முடிந்ததும் தமிழ், அதை ஒட்டித் தெலுங்கு, கன்னடம், மலையாளம், சிங்களம், தாய். இன்னும் கீழே ஜார்ஜியன், எத்தியோப்பிய எழுத்து, ஜப்பானிய கானா, சீனம், கடைசி ஸ்டேஷனாகக் கொரியன். பாட்டுக்காக யாரும் போடாத ரயில் பாதை அது. அங்கே தலைப்பைப் படிக்க வராது, வடிவத்தைப் பார்த்துத்தான் தட்ட வேண்டும். வளையம் வளையமாக அழகாக இருக்கிறதே என்று ஒரு ஜார்ஜியன் தலைப்பைத் தட்டினேன். ஆண்கள் மூன்று குரலாகப் பிரிந்து பாடினார்கள். ஒரு குரல் அடியில் அசையாமல் நிற்க, மற்ற இரண்டும் அதன்மேல் உரசிக்கொண்டே போயின. அன்றைக்கு வேறு பாட்டே கேட்கவில்லை.

போன வருஷ அப்டேட்டில் தொட்டியைக் காணோம். எல்லாத் தலைப்பையும் ரோமன் எழுத்துக்கு மாற்றி ஏ முதல் இசட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். எகிப்தியப் பாடகி உம் குல்சூம் 1964-ல் பாடிய 'இன்த்த ஓம்ரி' ஒரு பதிவில் 'ஈ', ஒன்றில் 'ஐ', இன்னொன்றில் 'ஏ'. எழுதியவர் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படி. நம் 'ச' பாதி 'சி'யிலும் பாதி 'எஸ்'ஸிலும். 'ஞ'வை 'ஜி'யில் தேடுவதா 'என்'னில் தேடுவதா என்று எனக்கே இன்னும் தெரியாது.

உச்சம் ஜப்பானியப் பாட்டு ஒன்று. க்யூ சகமோட்டோ 1961-ல் பாடிய 'உஎ ஓ முயிதே அருகோ'. கண்ணீர் கீழே விழுந்துவிடாமல் மேலே பார்த்தபடியே நடக்கிறேன் என்கிற பாட்டு. 1963-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தபோது அதன் பெயர் 'சுகியாகி'. அது ஒரு மாட்டிறைச்சிப் பதார்த்தத்தின் பெயர், பாட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மூலப் பெயர்ப்படி 'யூ'வில் இருக்க வேண்டும் என்று தேடினேன், இல்லை. 'எஸ்'ஸில் இருந்தது. சரி, 'சுகியாகி' என்று போட்டிருப்பார்கள் என்று பார்த்தால் அதுவும் இல்லை. தலைப்பின் முதல் எழுத்தை ஜப்பானியர் 'உஎ' என்று படிப்பார்கள். அதே எழுத்தைச் சீனர் 'ஷாங்' என்பார்கள். ஆப் சீனத்தில் படித்துவிட்டது. அறுபது வருஷத்துக்கு முன் ஒரு தப்பால் 'எஸ்'ஸுக்குப் போன பாட்டு, இன்னொரு தப்பால் மறுபடி 'எஸ்'ஸுக்கே. விழுந்து விழுந்து சிரித்தேன், பிறகு கோபம் வந்தது.

ஆகவே நண்பா, சந்தா கட்டாதே. இந்த மூன்று வருஷத்தில் எனக்குக் கிடைத்த நல்ல பாட்டில் முக்கால்வாசி இதில் கிடைத்ததுதான், இருந்தாலும் வேண்டாம். என் சந்தாவை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பாய். பழைய போனில் அப்டேட்டை அணைத்து வைத்திருந்தேன். புது பேட்டரி போட்டு நேற்று திறந்தால், தொட்டி இருக்கிறது, சிங்களம் முடிந்து தாய் எழுத்து தொடங்கும் இடத்தில், நான் விட்ட வரியிலேயே நிற்கிறது. அந்தப் போனை மட்டும் இரவல் கேட்டுவிடாதே.