டகோமாவை ஏற்றிச் சென்ற எண்ணூறு மைல்: வாடகை கார் டிரெய்லர் குறித்து ஒரு மதிப்புரை

சென்ற செப்டம்பரில் டாலஸுக்கு வடக்கே உள்ள பிளேனோவிலிருந்து டென்வரை ஒட்டிய அரோராவுக்கு நாங்கள் குடிபெயர்ந்தோம். வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் இருவர். கொண்டுசேர்க்க வேண்டிய வண்டிகளோ மூன்று. சாமான்கள் ஏறிய 26 அடி வாடகை டிரக், மனைவியும் பிள்ளைகளும் வரவேண்டிய கார், என்னுடைய நான்கு சக்கர இயக்க டொயோட்டா டகோமா பிக்கப். பிக்கப்பைத் தனியாக லாரியில் அனுப்பினால் எந்த நாளில் வந்து சேரும் என்பதற்கு யாரும் உறுதி தரவில்லை. ஆகவே, டிரக்கை எடுத்த நிறுவனத்திடமே, பிக்கப்பைப் பின்னால் கட்டி இழுப்பதற்கான கருவியையும் சேர்த்துப் பதிவு செய்தேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் மதிப்பிடுவது கருவியையும், அதைத் தந்தவர்கள் நடந்துகொண்ட விதத்தையும்தான்.

இத்தகைய நிறுவனங்கள் இரண்டு வகைக் கருவிகளை வாடகைக்குத் தருகின்றன. முதலாவது டாலி: இரண்டு சக்கரம் கொண்ட சிறு வண்டி, காரின் முன்சக்கரங்கள் அதன்மீது ஏறி நிற்க, பின்சக்கரங்கள் சாலையில் உருண்டுவரும். இரண்டாவது, நான்கு சக்கரங்களையும் தரையிலிருந்து முழுவதுமாகத் தூக்கிச் சுமக்கும் கார் டிரெய்லர். தொலைபேசியில் பேசிய ஊழியர் விலை குறைவென்று டாலியையே பதிவு செய்துவிட்டார். வண்டி நான்கு சக்கர இயக்கம் உடையது என்று நான் சொன்னபோது, "நியூட்ரலில் போட்டுவிடுங்கள், ஒன்றும் ஆகாது" என்று பதில் வந்தது. இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியதே அந்த ஒற்றை வாக்கியம்தான்.

ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியில் எண்ணெயைச் சுற்றவைக்கும் பம்ப் எஞ்சினால் இயங்குவது. எஞ்சின் நின்றுவிட்டால் பம்பும் நின்றுவிடும். பின்சக்கரங்கள் சாலையில் உருளும்போது, கியர்பெட்டிப் பக்கத்திலிருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டான டிரைவ் ஷாஃப்ட் சுழல்கிறது. அது, முன், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பகிர்ந்தளிக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸின் வழியாகக் கியர்பெட்டியின் பின்முனைத் தண்டைச் சுழற்றுகிறது. அங்கே எண்ணெய் வந்து சேர்வதில்லை. நெம்புகோலை நியூட்ரலுக்குத் தள்ளுவதால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான பிடிப்பு விடுபடுகிறதே தவிர, அந்தத் தண்டு சுழல்வது நிற்பதில்லை. பழுதான வண்டியைப் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் இழுத்துச் செல்வதற்கும், டெக்ஸாஸ் சமவெளியில் மணிக்கணக்காக இழுத்துச் செல்வதற்கும் இடையிலான வேறுபாடு ஒரு கியர்பெட்டியின் விலை. சில ஜீப்புகளில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கென்றே தனி நியூட்ரல் நிலை இருப்பதால், அவற்றை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துச் செல்ல முடிகிறது. என்னுடைய டகோமாவில் டிரான்ஸ்ஃபர் கேஸை மாற்றும் திருகு சுவிட்சில் அப்படியொரு நிலையே கிடையாது. நான்கு சக்கரமும் தரையில் படும்படி இழுப்பதற்காக இவ்வண்டி வடிவமைக்கப்படவில்லை என்று அதன் கையேடும் வெளிப்படையாகச் சொல்கிறது.

டாலிதான் வேண்டுமென்றால் ஒரு வழி இல்லாமலில்லை. பின்புற டிரைவ் ஷாஃப்டின் போல்ட்டுகளைக் கழற்றி, திரும்பப் பூட்டும்போது இடம் மாறிவிடாதபடி பெயின்டால் குறியிட்டு, ஷாஃப்டை இறக்கி வைத்துவிட்டுச் செல்லலாம். டகோமாவில் அது நடுவே பேரிங் வைத்த இரண்டு துண்டு ஷாஃப்ட். குடிபெயரும் நாளின் காலையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அதைக் கழற்றும் பொறுமை உள்ளவர்களை நான் வணங்குகிறேன்.

கிளைக்குச் சென்றபோது, கருவிகளைக் கட்டித்தரும் முதியவர் என் பிக்கப்பைப் பார்த்த மாத்திரத்தில் டாலியைத் தர மறுத்துவிட்டார். தொலைபேசி ஊழியரின் பிழையை அவர் திருத்தியதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அந்தக் கிளையில் கார் டிரெய்லர் இல்லை. முப்பது மைல் தள்ளியிருந்த இன்னொரு கிளைக்கு, முழுச் சுமையோடு இருந்த டிரக்கை ஓட்டிச் சென்று எடுத்துவர அரை நாள் போயிற்று.

டிரெய்லரைப் பற்றிச் சொல்ல நல்லவை நிறைய உண்டு. அது சுமக்கத்தக்க எடை ஐயாயிரம் பவுண்டுக்குச் சற்று மேல். என்னுடைய டகோமா சுமார் 4,450 பவுண்டு. எனவே இது நடுத்தர பிக்கப்புகளுக்குப் பொருந்தும். ஃபோர்டு எஃப்-250 போன்ற கனரக பிக்கப் வைத்திருப்பவர்கள் பதிவு செய்வதற்கு முன்பே தங்கள் வண்டியின் எடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காலியாகத்தானே இருக்கிறது என்று பிக்கப்பின் பின்தொட்டியில் வெட் கிரைண்டரையும் பூந்தொட்டிகளையும் வைக்கலாம் என வீட்டில் யோசனை வந்தது, மறுத்துவிட்டேன். இழுக்கப்படும் வண்டிக்குள் சாமான் ஏற்றக்கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதோடு, டிரெய்லரில் எடையின் பெரும்பகுதி முன்பக்கம் இருந்தால்தான் அது வாலாட்டாமல் வரும். பிக்கப்பை எஞ்சின் முன்னால் இருக்கும்படி, முகம் டிரக்கை நோக்கியவாறு ஏற்றவேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே.

ஏற்றுவது கடினமாக இல்லை. சரிவுப் பலகைகளை இழுத்து விரித்து, மனைவி முன்னால் நின்று கைகாட்ட, முதல் கியரில் ஊர்ந்து ஏறினேன். ஏறிய பிறகு கதவு டிரெய்லரின் சக்கர மூடியில் இடித்துக்கொண்டு பாதிகூடத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியேறினேன். ஒல்லியாக இருந்த காலத்தில் வீடு மாறியிருக்கலாம் என்று தோன்றிய தருணம் அது. பின்னர் பிக்கப்பின் கியரை 'பார்க்' நிலையில் போட்டு, கைபிரேக்கையும் இழுத்துவிட்டு, முன்டயர்களின் மேல் ராட்செட் பட்டைகளை (பல்சக்கரத்தால் இறுக்கும் பட்டைகள்) போட்டு இறுக்கி, பாதுகாப்புச் சங்கிலியையும் மாட்டினேன். முதல் சில மைல்களில் டயர்கள் பட்டைக்குள் அமிழ்ந்து இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. டென்டனுக்கு அருகே நிறுத்திப் பார்த்தபோது இரண்டு பட்டைகளும் மூன்று நான்கு பற்கள் கூடுதலாக இறுகின. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

இந்த டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கிறது, ஆனால் டிரக்கிலிருந்து பிரேக்குக்கென்று ஒயர் எதுவும் வருவதில்லை. டிரக் வேகத்தைக் குறைக்கும்போது டிரெய்லர் முன்னோக்கி முட்டுகிறது. அந்த முட்டலே கொக்கிக்குப் பின்னால் உள்ள ஹைட்ராலிக் சிலிண்டரை அழுத்தி டிரெய்லரின் சக்கரங்களைப் பிடிக்கிறது. எளிமையான, அருமையான ஏற்பாடு. ராட்டன் கணவாயில்தான் அதன் மதிப்பு எனக்குப் புரிந்தது. நியூ மெக்சிகோவும் கொலராடோவும் சந்திக்கும் அந்தக் கணவாய் 7,834 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து டிரினிடாட் ஊருக்கு இறங்கும்போது, கீழ் கியரில் எஞ்சினின் இழுப்பிலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தி, இடையிடையே மட்டும் பிரேக்கைத் தொட்டேன். எதுவும் கருகும் வாடை வரவில்லை.

அதற்கு முந்தைய பாதிதான் சோதித்துவிட்டது. டிரெய்லரின் மேலேயே 55 மைல் வேக வரம்பு எழுதப்பட்டிருக்கிறது. 287ஆம் நெடுஞ்சாலையில் மற்றவர்கள் 75இல் பறந்தார்கள். அமரில்லோவைத் தாண்டி டால்ஹார்ட் வரை வீசிய பக்கக் காற்றில் 60ஐத் தொட்டபோது டிரெய்லர் மெல்ல அசையத் தொடங்கியது. பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மட்டும் விட்டேன், அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு 55ஐத் தாண்டவில்லை. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்த பயணம் இரண்டு நாளாயிற்று.

பெட்ரோல் போடுவது ஒரு தனி அவஸ்தை. எங்கள் டிரக் பெட்ரோலில் ஓடுவது. நெடுஞ்சாலை டிரக் நிலையங்களில் நீண்ட வண்டிகளுக்கான அகன்ற வரிசைகள் பெரும்பாலும் டீசலுக்கே. டிரக்கும் டிரெய்லருமாக ஐம்பது அடிக்கும் அப்பால் நீண்ட எங்கள் வண்டியை, கார்களுக்கான குறுகிய பம்புகளுக்கு இடையே நுழைக்க வேண்டியிருந்தது. ஓரமாக உள்ள பம்பைத் தேர்ந்தெடுப்பதும், பின்னோக்கி எடுக்காமல் நேராக வெளியேற வழி இருக்கிறதா என்று உள்ளே நுழையும் முன்பே பார்த்துக்கொள்வதும் நல்லது. கேலனுக்கு ஏழு மைல்தான் கிடைத்தது. இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் யாரும் வாடகையை மட்டும் ஒப்பிட வேண்டாம்.

தனி உரிமம் தேவையா என்று நண்பர்கள் கேட்டார்கள். டிரக்கின் வரையறுத்த மொத்த எடை 26,000 பவுண்டுக்குள்ளும், டிரெய்லருடையது 10,000 பவுண்டுக்குள்ளும் இருப்பதால் வணிக ஓட்டுநர் உரிமம் தேவையில்லை.

டிரெய்லருக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருகிறேன். கதவைத் திறக்க முடியாததற்காக ஒன்றைக் குறைத்தேன். பதிவுச் சேவைக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. அரோராவில் திருப்பிக் கொடுத்தபோது ஊழியர் பட்டைகளையும் விளக்குகளையும் சரிபார்த்து ஐந்து நிமிடத்தில் ரசீது தந்தார். டாலிக்குக் கட்டிய முன்பணம் மட்டும், மூன்று தொலைபேசி அழைப்புகளுக்குப் பிறகு, இருபதாம் நாள் வந்து சேர்ந்தது.