கோபிபாடில் புதிய இனம்: உடற்கூறா, டிஎன்ஏவா?

கோபிபாட் என்பது இறால், நண்டு வகையைச் சேர்ந்த நுண்ணிய நீர்வாழ் உயிரி. அதில் ஒரு மாதிரி புதிய இனமா என்று கண்டறிய, முதலில் பார்க்க வேண்டியது, மாதிரி எதில் ஊறியிருக்கிறது என்பதை. 4% ஃபார்மலினில் முட்களும் கணுக்களும் கச்சிதமாக நிற்கும், டிஎன்ஏ சிதைந்துவிடும். 95% எத்தனால் டிஎன்ஏவைக் காக்கும், ஆனால் உடல் சுருங்கி விறைக்கும். 24 மணி நேரத்துக்குள் பழைய எத்தனாலைக் கொட்டிவிட்டுப் புதிய எத்தனாலை ஊற்றுவது அவசியம்.

உடற்கூறில், கலனாய்டு (கோபிபாடில் ஒரு பிரிவு) ஆணின் ஐந்தாம் காலிணைதான் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்லும். லாக்டிக் அமிலத்தில் தெளியவைத்து, டங்ஸ்டன் ஊசியால் பிரித்து, முன்புறம் பின்புறம் இரண்டையும் வரையுங்கள். ஸ்லைடின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப் அழுத்தினால் கோணமே மாறிவிடும். முதிராத பருவங்களில் இந்த வழி கைவிட்டுவிடும். அங்கே, இனங்களைப் பிரித்தறியப் பயன்படும் சிஓஐ மரபணுவின் ஏறத்தாழ 658 காரங்கள் (டிஎன்ஏ எழுத்துகள்) நீளமுள்ள துண்டு கைகொடுக்கும். ஆனால் அந்தத் துண்டை நகலெடுக்கத் தொடக்கம் தரும் பொதுப் பிரைமர்கள் கோபிபாடுகளில் அடிக்கடி சறுக்கும். டிஎன்ஏ வரிசையின் நடுவே நிறுத்தக் குறியீடு (புரத ஆக்கத்தை முடிக்கும் குறி) வந்தால் போலி மரபணுவை, அதாவது வேலை செய்யாத நகலை, சந்தேகியுங்கள்.

ஒன்றே ஒன்று என்றால் என் வாக்கு உடற்கூறுக்கு. உடலை நசுக்காமல் டிஎன்ஏ பிரித்தெடுத்தால் மிஞ்சும் வெளிக்கூட்டையும் ஸ்லைடில் ஏற்றலாம்.