ஜெருசலேம் நாலுவகை சந்தை: சுக்கோத்துக்கு முன்னாடி போய் பாருங்க

சுக்கோத்ங்கிற யூதர்களோட கூடாரப் பண்டிகை நெருங்குறப்போ மஹனே யெஹூதா மார்க்கெட் பக்கம் போடுற சந்தை செம்மங்க, அந்தப் பண்டிகைக்குன்னு பைபிள்ல லேவியராகமம் 23:40ல வர்ற நாலு வகையும், அதாவது எலுமிச்சை இனத்து எத்ரோக் பழம், பேரீச்ச ஓலை, மிருதுச்செடி (மிர்ட்டில்), ஆற்றலரி (வில்லோ) கிளை எல்லாமே ஒரே இடத்துல வாங்கிடலாம். எத்ரோக்கை லென்ஸ் வச்சு திருப்பித் திருப்பி பாக்குறாங்க, மேல் பக்கம் சின்னதா ஒரு கரும்புள்ளி இருந்தாலும் வேண்டாம்னு அடுத்ததுக்கு போயிடுறாங்க, ஓலை நுனி பிளந்திருக்கக் கூடாது, மிருதுச்செடில கணுவுக்கு மூணு இலை இருக்கணும். வெளஞ்சத சேத்து முடிச்சதுக்கு நன்றியா ஆண்டவர் முன்னாடி கையில பிடிக்குறது அழகா இருக்கணும்ங்கிற அந்த அக்கறை எனக்கு ரொம்ப பிடிச்சுது. விலை கடைக்கு கடை மாறும், நாலஞ்சு கடை ஏறி இறங்குங்க. ஆற்றலரி சீக்கிரம் வாடிடும், அத மட்டும் கடைசியா வாங்கி ஈரத்துணில சுத்தி வைங்க.