எண்ணெய் ஓவியம் என்று பிரிண்ட்டைத் தள்ளிவிட்டார்கள், 850 யூரோ போச்சு

இன்று காலை கடைசிப் பதிலும் வந்துவிட்டது, பணம் திரும்பக் கிடையாதாம். 850 யூரோ. ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன், வேறு யாரும் இப்படி மாட்டக்கூடாது.

டப்ளினுக்கு வந்த புதிதில் தேசிய ஓவியக்கூடத்தில் ஐரிஷ் ஓவியர் ஜாக் யேட்ஸின் பிற்கால ஓவியங்கள் முன்னால் ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன் (அனுமதி இலவசம், அவசியம் போங்கள்). வண்ணத்தை வழித்து அப்பியிருப்பார், பக்கவாட்டில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். அப்படி ஒன்று வீட்டில் மாட்ட வேண்டும் என்று அன்றிலிருந்து ஆசை. அயர்லாந்தின் மேற்கே கொனமாராவின் ட்வெல்வ் பென்ஸ் மலைகள், மழை மேகம், சதுப்பு நிலத்தில் வெட்டி அடுக்கிய டர்ஃப் (அடுப்பெரிக்கும் கரிமண் கட்டி) குவியல். ஓவியம் விற்கும் ஒரு இணையதளத்தில் நான் நினைத்த மாதிரியே ஒன்று இருந்தது.

விற்றவர் வீடியோவில் பேசினார். ஓவியத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துக் காட்டி, "மேகத்தில் வெள்ளை இன்னும் காயவில்லை, இரண்டு வாரம் கழித்துத்தான் அனுப்புவேன்" என்றார். தடிப்பாகப் பூசிய எண்ணெய் வண்ணம் உள்வரை காய மாதக்கணக்கில் ஆகும் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்த ஒரு வார்த்தையில் முழுசாக நம்பிவிட்டேன். தளத்துக்குக் கமிஷன் எதற்கு, நேராக வங்கிக் கணக்கில் போடுங்கள் என்று 900ஐ 850 ஆக்கினார். போட்டேன்.

வந்தது கான்வாஸில் அடித்த பிரிண்ட். மேலே நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் இழுத்திருக்கிறார்கள். மலை ஒரு பக்கம் சரிகிறது, தூரிகைக் கோடு வேறு பக்கம் போகிறது. போனில் பெரிதாக்கிப் பார்த்தால் மேகமெல்லாம் மைப்புள்ளி. எண்ணெய் வண்ணத்தில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய் வாடை துளிகூட இல்லை.

கேட்டதற்கு முதலில் "உங்கள் வீட்டு வெளிச்சம் சரியில்லை" என்றார். அப்புறம் "இது கலப்பு முறை". இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் திருப்பித் தரச் சட்டம் இருக்கிறதே என்றால், "அது வியாபாரிகளுக்கு, நான் தனிநபர்" என்கிறார், விற்கும்போது என் ஸ்டுடியோ, என் ஸ்டுடியோ என்று பேசிய அதே மனிதர்! தளத்துக்காரர்களோ, பணம் எங்கள் வழியாக வரவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். 850 யூரோ சார், ஒரே வரி.

தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். ஓரத்தையும் பின்பக்கத்தையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வியாபாரியா தனிநபரா என்று முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். வியாபாரிதான் என்று காட்ட முடிந்தால் இங்கே 25 யூரோ கட்டி, 2,000 யூரோ வரைக்கும் சிறு வழக்கு போடலாம். அதற்காகத்தான் அவருடைய பழைய விளம்பரங்களை ஒவ்வொன்றாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டிருக்கிறேன், அவர் அழிப்பதற்குள்.