இலவசத் தோட்டத்துக்கு 112 பவுண்டு பிடுங்கிவிட்டார்கள்

சனிக்கிழமை நடந்தது. இன்று புதன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வேல்ஸில் மெனாய் நீரிணைக் கரையில் ட்ரெபோர்த் தாவரவியல் தோட்டம் இருக்கிறது. 1960 முதல் பாங்கர் பல்கலைக்கழகத்தின் கையில் உள்ளது. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். மகளுக்குப் பூச்சி தின்னும் செடிகளைப் பார்க்க வேண்டும். சுற்றுலா டிக்கெட் விற்கும் ஒரு இணையதளத்தில் தேடினேன். "கண்ணாடி மாளிகைகள், வழிகாட்டியுடன், ஆளுக்கு 28 பவுண்டு" என்றிருந்தது. தோட்டத்தின் படம், பல்கலைக்கழகத்தின் பெயர், எல்லாம் பக்காவாக இருந்தன. அப்படியும் சந்தேகப்பட்டு, அவர்களுடைய அரட்டைப் பெட்டியில் கேட்டேன். "வாசலில் எங்கள் ஆள் உங்கள் பெயரைச் சொல்லி அழைப்பார்" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் நாலு பேருக்கு 112 பவுண்டு கட்டினேன்.

லிவர்பூலில் இருந்து வண்டி ஓட்டிப் போனோம். வாசலில் டிக்கெட் பார்க்கவே ஆளில்லை. ஒரு மணி நேரம் நின்றோம். தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தன்னார்வலர் ஒருவர் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இங்கே நுழைவு இலவசம்தானே, யாரிடம் பணம் கட்டினீர்கள்?" என்றார். கண்ணாடி மாளிகை அன்று பூட்டியிருந்தது. எப்போது திறந்திருக்கும் என்று முன்பே கேட்டுக்கொண்டு வர வேண்டுமாம். பாவம், அவர்மேல் என்ன தப்பு? மகள் கண்ணாடியில் நெற்றியை வைத்து, உள்ளே படிந்திருந்த ஆவிக்குப் பின்னால் குடுவைச் செடியைத் தேடிக்கொண்டே இருந்தாள். அம்மா மட்டும் ஓக் மரக்காட்டு வழியே நீரிணை வரை நடந்துவிட்டு வந்து, "காடு நல்லாத்தான்டா இருக்கு, விடு" என்றார்.

எப்படி விடுவது? 112 பவுண்டு!

அன்றிரவே புகார் செய்தேன். "உரிய பிரிவுக்கு அனுப்பியுள்ளோம்." திங்களன்று, "48 மணி நேரம் பொறுங்கள்." நேற்று, "நீங்கள் வரவில்லை என்று பதிவாகியுள்ளது, பணம் திரும்பாது." வாசலில் எடுத்த படத்தை அனுப்பினேன். அரட்டையையே மூடிவிட்டார்கள். கார்டில் கட்டிய பணத்துக்கு கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்கும் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75வது பிரிவிலும் வழியில்லை. ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருக்க வேண்டுமாம், என் டிக்கெட் ஒவ்வொன்றும் 28தான். சார்ஜ்பேக், அதாவது விற்றவரிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்குவது, கேட்டுப் பார்க்கிறோம் என்று வங்கி சொல்லியிருக்கிறது.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பல்கலைக்கழகத் தோட்டம் என்றால் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் கட்டணம் பாருங்கள். கண்ணாடி மாளிகை திறந்திருக்குமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அரட்டைப் பேச்சை உடனே படம் எடுத்து வையுங்கள், நான் எடுக்கவில்லை.