மலைவீதிக்கு எந்த சிமுலேஷன்?

இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் ஏ7 வீதியில் தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று முன்னால் ஏறினால், பின்னால் வருகிற பஸ்ஸும் த்ரீவீலரும் ஊர்ந்துதான் வரவேண்டும். வாகனப் போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப்பார்க்கும் சிமுலேஷனைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த ஊர்தலைக் கொண்டுவர முடிகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

நாமே நிரல் எழுதும் வழியில் பிரபலமானது 1992இல் நாகலும் ஷ்ரெக்கன்பெர்க்கும் தந்த கட்ட மாதிரி. பைத்தனில் ஒரே மாலையில் எழுதிவிடலாம். வீதியை 7.5 மீற்றர் கட்டங்களாக வெட்டி, செக்கனுக்கு ஒருமுறை வாகனத்தை நகர்த்துவது. ஆனால் செக்கனுக்கு ஒரு கட்டம் என்றாலே மணிக்கு 27 கிலோமீற்றர். அதற்குக் கீழே நிற்பது மட்டும்தான். ஏற்றத்தில் 15இல் முனகும் லொறி இதில் நின்று நின்று தாவும். நெடுஞ்சாலை நெரிசலைப் படிக்க அருமையான மாதிரி, நம் ஏற்றங்களுக்குச் சரிவராது.

விஸ்ஸிம் என்ற போக்குவரத்து சிமுலேஷன் மென்பொருள் ஏற்றத்தை நன்றாகவே கையாள்கிறது. சரிவு ஒரு சதவீதம் கூடினால் வாகனத்தின் உச்ச முடுக்கத்தில் 0.1 மீ/செ² குறைக்கும். கொண்டை ஊசி வளைவின் மேல் வேகக்குறைப்புப் பகுதி வரைந்து பஸ்ஸுக்கு ஒன்று, காருக்கு ஒன்று என வேகம் கொடுக்கலாம். முழு உரிமம் காசு கொடுத்து வாங்க வேண்டியது; தனியாகப் படிக்கும் மாணவருக்கு அதுவே பெரிய தடை.

சூமோவும் அப்படியொரு மென்பொருள்தான், ஆனால் இலவசம். ஜெர்மன் விண்வெளி மையம் வளர்த்துவருவது; 2001 முதல் கிடைக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்திலிருந்து வீதியை இழுத்துக்கொள்ளும், ஆனால் மலை தட்டையாகத்தான் வந்து விழும். உயரத் தரவை நாம் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும், முன்வாகனத்தைப் பின்தொடரும் வேகத்தைக் கணிக்க சூமோ வழக்கமாகப் பயன்படுத்தும் கிராஸ் என்ற மாதிரியில் வாகனம் ஏற்றத்தில் வேகத்தை இழக்காது. சரிவையும் கணக்கில் எடுக்கும் கிராஸ்பிஎஸ் என்று மாற்றினால்தான் லொறி திணறும். பலர் தவறவிடும் இடம் இதுதான். வளைவுகளில் வீதியைத் துண்டாக்கி வேக எல்லையை நாமே குறைக்க வேண்டும். இடப்பக்க ஓட்டத்தையும், எதிர்த்தடத்தில் புகுந்து முந்துவதையும் அமைப்பில் சொல்லிவைக்க வேண்டும். வீதியோரம் ஒதுங்க இடமில்லாத தரிப்பிடத்தில் பஸ்ஸைத் தடத்திலேயே நிறுத்துங்கள், பின்வரிசை தானாகவே நீளும்.

அலுவலகம் உரிமம் வாங்கித் தந்தால் விஸ்ஸிம் நேரத்தை மிச்சப்படுத்தும். நான் எடுப்பது சூமோதான். அப்புறம் இதே வீதியிலுள்ள கொட்டகலையில் ஒரு காலைநேரம் நின்று, லொறிக்குப் பின்னால் சேரும் வாகனங்களை எண்ணி, அந்த எண்ணிக்கை திரையிலும் வரும்வரை முடுக்கத்தையும் ஓட்டுநர் தடுமாற்றத்தையும் (ஓட்டுநர் சீராக ஓட்டாத அளவை) திருத்த வேண்டும்.