மூன்று வார லீவில் நாலு நாள் லேத் பட்டறையில்

கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கு அப்பாவே வண்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். 2014 மாடல் போலோ. நான் வருகிறேன் என்பதற்காகப் பத்து நாள் முன்னால்தான் முன்பக்க டயர் இரண்டையும் புதிதாக மாற்றியிருந்தார். அதை ஏர்போர்ட் வாசலிலேயே பெருமையாகச் சொன்னார். உடுமலைக்குப் போகிற வழியில் கிணத்துக்கடவை நெருங்கும்போது ஸ்டியரிங் லேசாக உதற ஆரம்பித்தது. கூடவே இடது பக்கம் 'டக், டக்' என்று ஒரு சத்தம். வேகத்தைக் குறைத்தால் சத்தமும் இடைவெளி விட்டு வந்தது.

"புது டயருங்க சாமி, அப்படித்தான் இருக்கும்" என்றார் அப்பா.

ஓரம் கட்டச் சொன்னேன். இடது முன்சக்கரத்தில் ஐந்து போல்ட்டில் ஒன்றைக் காணோம். இன்னொன்றைக் கையாலேயே திருக முடிந்தது. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி, காலியாக இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டேன், இரும்புச் சுருள் ஒன்று குத்தி ரத்தமே வந்துவிட்டது. செல்போன் டார்ச்சில் பார்த்தால் மரை என்று சொல்ல எதுவும் இல்லை. மழித்த கன்னம் மாதிரி இருந்தது.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன். அங்கே அக்டோபரில் குளிர்கால டயர், ஈஸ்டர் வாக்கில் கோடைக்கால டயர் என்று வருஷத்துக்கு இரண்டு முறை சக்கரம் கழற்றி மாட்டுவது வீட்டு வேலை மாதிரி. இதே மாதிரி போல்ட்டுகளைப் பலமுறை கையாண்டிருக்கிறேன். 14 மில்லி தடிமன், 1.5 பிட்ச் (மரைக்கு மரை 1.5 மில்லி இடைவெளி), 120 நியூட்டன் மீட்டர் முறுக்கு. கடையில் மாற்றினால் 50 கிலோமீட்டர் ஓடியபிறகு ஒருமுறை முறுக்கிப் பாருங்கள் என்று பில்லிலேயே எழுதித் தருவார்கள். அப்பாவுக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இந்த ஓட்டை பிழைத்திருக்காது, அது வேறு விஷயம்.

நம் ஊரில் அதிகம் ஓடுகிற மாருதி, ஹூண்டாய் வண்டிகளில் சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதியான ஹப்பிலிருந்து, மரை வெட்டிய குச்சி மாதிரி ஸ்டட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தை அதன்மேல் மாட்டித் தொங்கவிட்டு நட்டை முறுக்கினால் போதும். மரை போனால் அந்த ஒரு ஸ்டட்டை மட்டும் தட்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகலாம், செலவும் சில நூறுதான். போலோவில் ஸ்டட் கிடையாது. மரை ஹப்பிலேயே வெட்டியிருக்கும், போல்ட் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். சக்கரத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, ஓட்டைக்கு ஓட்டை நேராக வைத்து, முதல் நாலு சுற்றை விரலாலேயே போட வேண்டும். டயர் கடைப் பையன் அந்த நாலு சுற்றையும் போல்ட் முறுக்குகிற மெஷினான கன் வைத்தே அடித்திருக்கிறான். போல்ட் சாய்ந்து ஏறி, போகிற வழியில் மரையைத் தின்றிருக்கிறது.

கையில் திரும்பிய அந்த இன்னொரு போல்ட் விஷயம் இன்னும் மோசம். அது இந்த வண்டி போல்ட்டே இல்லை. கழற்றும்போது ஒன்று தொலைந்திருக்க வேண்டும், டப்பாவில் கிடந்த எதையோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். போலோ போல்ட்டின் தலைக்கு அடியில் பந்து மாதிரி உருண்டையான வளைவு இருக்கும், சக்கரத்துக் குழியும் அதற்கேற்ற வளைவு. டப்பா போல்ட்டுக்குக் கூம்பு மாதிரி நேர்ச் சரிவு. மரை ஒன்றேதான் என்பதால் ஏறிவிட்டது. ஆனால் அதன் சரிவில் நூல் கனத்துக்கு ஒரே ஒரு வளையம்தான் பளபளத்தது. சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது அந்த நூலிழை மட்டும்தான். தளராமல் என்ன செய்யும்?

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "மூணு போல்ட் கெட்டியா இருக்குதுங்களே, உடுமலைக்குத் தாராளமா போகலாமுங்க." அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், டீ கூட வாங்கிக் கொடுத்தார். அடுத்து வந்த மெக்கானிக், ஓட்டையை வெல்டிங்கில் அடைத்துப் புது மரை போட்டுவிடலாம் என்றார். ஹப்பை அப்படிச் சூடேற்றினால் அதற்கு ஒட்டினாற்போல் இருக்கும் பேரிங் என்ன ஆகும் என்று கேட்டேன். "அதும் மாத்திக்கலாமுங்க" என்று பதில் வந்தது. சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டோம். ஹப்பும் பேரிங்கும் சேர்த்து மாற்ற வேண்டும், சாமான் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை, எனக்குத்தான் ஒரு வாரம் கிடையாது.

கல்லூரி நண்பன் ஒருவனுக்குக் கோயம்புத்தூர் கணபதியில் ஷெட் இருக்கிறது. ரெக்கவரி வண்டி பிடித்து, பேரம் பேசி, இருட்டும் நேரத்தில் போலோவை அங்கே கொண்டுபோய் இறக்கினோம். அப்பாவைப் பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டு நான் தங்கிக்கொண்டேன். வீட்டில் அம்மா ஆக்கி வைத்திருந்த கோழிக்குழம்பு மறுநாள் சூடு பண்ணி யாருக்கோ போனது என்று கேள்வி.

பம்பும் மோட்டாரும் செய்கிற ஊர் அது, கணபதி ஆவாரம்பாளையம் பக்கம் தெருவுக்குத் தெரு லேத் உண்டு. ஷெட்டுக்கு அடுத்த பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். காலையில் வந்தவர் ஓட்டையைப் பார்க்கவே இல்லை. முதலில் தரையில் கிடந்த போல்ட்டைத்தான் எடுத்து, மரையை நகத்தால் ஓட்டிப் பார்த்தார்.

"இத ஆருங்க கன் வெச்சு அடிச்சது?"

சொன்னேன். "அப்ப அந்தப் பக்க வீலையும் கழட்டுங்க. அவன் கை ரெண்டு பக்கமும் ஒரே கைதானுங்களே."

எனக்குத் தோன்றாத விஷயம் அது. வலது சக்கரத்தில் இரண்டு ஓட்டைகளில் முதல் இரண்டு மூன்று மரை மட்டும் சாய்ந்திருந்தது, உள்ளே நன்றாகவே இருந்தது. மரை வெட்டுகிற கருவியான டேப்பில் 14-க்கு 1.5 அளவை எடுத்து எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று கையாலேயே ஓட்டினார். எங்கே மரை நேராகப் பிடித்தது என்பது அவர் தோள் இறங்கியதிலேயே தெரிந்தது. இரண்டு ஓட்டைக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம்.

இடது பக்க ஹப்புக்கு ஹெலிகாயில் போட முடியுமா என்று கேட்டேன். பெரிதாகத் துளைத்து உள்ளே கம்பிச்சுருள் மரை செருகுகிற வேலை, ஒழுங்காகச் செய்தால் பழைய மரையைவிட உறுதியாகவே நிற்கும்.

"பம்பு பாடிக்குத் தெனமும் போடறனுங்க. வீலுக்குப் போட மாட்டேன்."

"ஏனுங்க, நிக்காதா?"

"நிக்கும். நான் போட்டா நிக்கும். நாளைக்கு இன்னொருத்தன் மறுபடி கன் வெச்சு அடிப்பான் பாருங்க, அதுக்குத்தான்."

அதற்கு மேல் நான் பேசவில்லை. நண்பனுக்குத் தெரிந்த ஸ்பேர்ஸ் கடையில் ஹப் இரண்டு நாளில் வந்தது, பேரிங்கோடு சேர்த்து மாற்றினோம். போல்ட்டையும் பழசு எதையும் நம்பாமல் முன்பக்கத்துக்குப் பத்தும் புதிதாக வாங்கினேன். முறுக்க, வைத்த அளவு வந்ததும் 'டிக்' என்று விடுகிற டார்க் ரெஞ்ச் கேட்டேன். ஷெட் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, ஒட்டடையோடு. "கையிலயே தெரியுமுங்க" என்றான் அங்கே வேலை செய்யும் பையன். 30 சென்டிமீட்டர் ஸ்பேனர் முனையில் 40 கிலோ அழுத்தினால் கிட்டத்தட்ட 120 வந்துவிடும், அது சரிதான். ஆனால் அவன் அரை மீட்டர் பைப்பைச் செருகி அதன்மேல் ஏறி நிற்பவன். அறுபது கிலோ ஆளுக்கு அது 300-க்குப் பக்கம். ஒட்டடையைத் துடைத்து ரெஞ்சை அவன் கையிலேயே கொடுத்தேன். 'டிக்' என்று விட்டதும், "அவ்வளவுதானுங்களா?" என்று நம்பாமல் என்னைப் பார்த்தான்.

பில் பார்த்தபோது பெரும்பணம் ஹப்புக்கும் ரெக்கவரி வண்டிக்கும்தான் போயிருந்தது. பட்டறைக்காரர் டேப் ஓட்டியதற்கு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். டயர் கடைக்கு அப்பா போய்க் கேட்டதற்கு, வண்டி இங்கிருந்து போகும்போது நன்றாகத்தானே போனது என்றார்களாம். கடை பேரை எழுதச் சொல்லித் தம்பி நச்சரிக்கிறான். அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது, எழுதப்போவதில்லை.

கிளம்பும்போது பட்டறைக்காரர் மரை நசுங்காத பழைய போல்ட் ஒன்றைப் பொறுக்கியெடுத்துத் தலையை அறுத்தார். வெட்டிய முனையை லேத்தில் கடைந்து வழவழப்பாக்கி, ஸ்க்ரூடிரைவர் நிற்க ஒரு காடி போட்டுக் கொடுத்தார். முதலில் இதை ஓட்டையில் விரலால் திருகிவிட்டுச் சக்கரத்தை அதன்மேல் மாட்டினால் ஸ்டட் மாதிரி தாங்கிக்கொள்ளும். மற்ற நாலு போல்ட்டும் போட்டபின் இதை எடுத்துவிட்டு ஐந்தாவதைப் போட வேண்டியதுதான்.

போன மாதம் அப்பா பின்பக்க டயர் மாற்றப் போயிருக்கிறார், வேறு கடை. டேஷ்போர்டிலிருந்து துணியில் சுற்றிய அந்தக் குச்சியை எடுத்துக் கொடுத்துவிட்டு, கன்னைத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாராம்.